பொம்மைக்கு மட்டும் சொன்னது

"அறையில் யார் யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்டது ரோபோ.

தென்னூர் ஆஸ்பத்திரிக்கு அது புதிது. டாக்டர் வருமுன் நோயாளியிடம் விவரம் கேட்டு வைப்பது அதன் வேலை.

"கட்டில்ல இருக்கிறது எங்கப்பா அடைக்கலம், லால்குடி. நான் பையன் ரெங்கராஜ். இது என் சம்சாரம் கலைமதி. இவங்க ஸ்ரீரங்கம் மயிலம்மாள், எங்க சம்பந்தியம்மா."

"இன்னும் ஆகலைங்க. ஆவணி பொறக்கட்டும்" என்று சிரித்தாள் மயிலம்மாள். "எங்க பையன் ஜெயக்குமாரும் ராப்பகலா மிஷினோடதான் மாரடிக்கிறான். இது அவனைவிட மரியாதையாப் பேசுது."

அடைக்கலம் சிரிக்கவில்லை. கட்டிலிலும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். மலைக்கோட்டை ஜவுளிக்கடையில் பேத்தி வைஷ்ணவிக்கு முகூர்த்தப் பட்டு எடுக்கும்போது விழுந்துவிட்டார். துணிக்கட்டுக்குப் பின்னால் விழுந்ததால், கைகால் இழுத்ததை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கல்யாணம் அங்கேயே நின்றுபோயிருக்கும். அவர் தங்கை சந்திரம்மாளுக்கு 'வலிப்பு வம்சம்' என்ற ஒரு சொல்லால்தான் நிச்சயம் முறிந்தது. அவள் கழுத்தில் கடைசிவரை தாலி ஏறவில்லை.

"எப்படி விழுந்தீர்கள் ஐயா?"

"வெயிலு. மயக்கம்."

"கைகால் இழுத்ததா?"

மயிலம்மாளின் சிரிப்பு நின்றது.

"எங்க வம்சத்துல அந்தப் பேச்சே கிடையாது" என்றார் அடைக்கலம். குரல் மட்டும் கொஞ்சம் பிசிறியது.

ரோபோவின் வட்டக் கண்கள் மூடித் திறந்தன. "மற்றவர்கள் வெளியே இருங்கள். மயிலம்மாள் அவர்கள் கீழே போய்க் காபி குடிக்கலாம். சர்க்கரை வேண்டாம்."

"எனக்குச் சுகர்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

"வயசைப் பாத்துச் சொல்லுது அண்ணி, வாங்க" என்று அழைத்துப் போனாள் கலைமதி.

கதவு சாத்திக்கொண்டது. அடைக்கலம் அந்தப் பொம்மையை ஏற இறங்கப் பார்த்தார்.

"லால்குடிப் பக்கம் உனக்குச் சொந்தபந்தம் யாரும் இல்லையே?"

"இன்னும் இல்லை ஐயா."

மிஷின் தமிழ் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மனுஷனிடம் சொன்னால் வாய்க்கால் தாண்டுமுன் ஊருக்குப் போய்விடும். இதற்கு ஊர் ஏது, உறவு ஏது?

"வலிப்புதான். வாலிபத்துலேர்ந்து இருக்கு. என் சம்சாரத்துக்கு மட்டும் தெரியும், அவளும் போய்ச் சேந்துட்டா. மாத்திரையை ஒளிச்சு வச்சுத்தான் முழுங்குவேன். கல்யாண வீடு, யார் கண்ணுலயாவது பட்டுடும்னு அதையும் விட்டுட்டேன். லைட்டு பளிச்சு பளிச்சுன்னு அடிச்சா இழுத்துடும். மணவறையில வீடியோக்காரன் லைட்டைப் பிடிப்பான். அத்தனை சனத்துக்கு முன்னாடி நான் விழுந்தேன்னா என் பேத்தி கதி?" கையெடுத்துக் கும்பிட்டார். யாரையும் கும்பிட்டுப் பழகாத கை. "நான் போனாலும் போறேன். வெளியில சொல்லிடாதே."

ரோபோ கண்களை ஒருமுறை மூடித் திறந்தது.

"டாக்டருக்கு மட்டும் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்தாதீர்கள். கல்யாணம் நடக்கும்."

மாத்திரையை மறுபடி முழுங்க ஆரம்பித்தார். ஆனால் தூக்கம் போனது. ஸ்ரீரங்கத்திலிருந்து போன் வந்தால் தானே ஓடிப்போய் எடுத்தார். போயும் போயும் ஒரு பொம்மையை நம்பினோமே, அது எங்கே ஒப்பிக்கிறதோ?

ஆவணியும் வந்தது. ஸ்ரீரங்கத்தில் மண்டபம். கெட்டிமேளத்துக்குக் கை உயர்ந்த நேரம், வீடியோக்காரர் முன்வரிசைப் பக்கம் விளக்கைத் திருப்பினார். அடைக்கலம் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"அண்ணே, லைட்டை அணைங்க" என்றது ஒரு குரல். கையில் தாலியோடு மாப்பிள்ளை ஜெயக்குமார். "போட்டோவுக்கும் ஃபிளாஷ் வேண்டாம். தாத்தா நிம்மதியாப் பாக்கட்டும்."

மங்கலான வெளிச்சத்தில் தாலி ஏறியது.

மாப்பிள்ளை கஞ்சன், லைட்டுக்குக் காசு கொடுக்கவில்லை, அதனால்தான் கல்யாண வீடியோ முழுக்க இருட்டு என்று லால்குடியில் ஒரு பேச்சு உலவுகிறது. அது சுத்தப் பொய். அந்த ஆஸ்பத்திரி ரோபோவுக்குச் சொந்தமாகப் பேச இன்னும் வரவில்லை. அன்றைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து, அது பேச வேண்டியதையெல்லாம் டைப் அடித்துக்கொண்டிருந்தது ஜெயக்குமார்தான்.