கரையில் ஒரு பெயர்

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற உரக்கடையில், பதினொரு மணி வெயில் யூரியா மூட்டைகள் வரை வந்து நிற்கிறது. பூச்சிமருந்து நெடியை டேபிள் ஃபேன் அங்கும் இங்கும் தள்ளுகிறது. நிறைய மூட்டை விற்றதற்காகக் கம்பெனி கொடுத்த கப்பல் சுற்றுலாவுக்கு, கடைக்காரர் ஏகாம்பரமும் மனைவி சுலோச்சனாவும் இன்சூரன்ஸ் எடுக்கிறார்கள். “இதையே எடுத்துக்குங்க அங்கிள். நடுக்கடல்ல ஒடம்பு முடியலன்னா கரைக்குக் கொண்டாந்து சேக்கிற செலவும் வரும்,” என்கிறாள் ஏஜென்ட் சோபியா. பிறகு, “நாமினி?” “எனக்கு அவ, அவளுக்கு நானு.” “ரெண்டு பேரும் ஒரே கப்பல்லதான போறீங்க? கரையில கீற ஆளா சொல்லுங்க.”

ஏகாம்பரம் தராசுத் தட்டில் ஒட்டிய சிவப்புப் பொட்டாஷை நகத்தால் சுரண்டுகிறார். சுலோச்சனா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே, “பூஜான்னு போடும்மா. எங்க பொண்ணு,” என்கிறாள். மகள் காதலித்தவனோடு போன பிறகு, நான்கு வருடமாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர். ஏகாம்பரம் மறுக்கவில்லை. “அவங்க போன் நம்பர்?” சுலோச்சனா கணவனைப் பார்த்துவிட்டு, தெரியாது என்று உதட்டைப் பிதுக்குகிறாள். ஏகாம்பரம் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் பத்து எண்களையும் தடுமாறாமல் சொல்கிறார். “கொயந்தைய பால்வாடியில வுட்டுட்டு வந்து, பத்து மணிக்கு மேலதான் எடுப்பா.” முந்தானையைச் சுற்றிய விரல் அப்படியே நிற்கிறது. “அதான் தெனம் பத்து மணிக்கு நான் போட்டா லைன் பிசியாவே கீதா?”