முஸ்கானைக் கேள்

“என்னைய மட்டும் நிப்பாட்டிராதீக சார். அத்தாவுக்கு என்ன பதில் சொல்லுவேன்?”

முதலாளி முருகப்பனின் மேசைக்கு முன்னால் நின்று முஸ்கான் அழுதுகொண்டிருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டப்பாக்களுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தவர்களின் கை வேலையில் இருந்தது, காது இங்கே இருந்தது.

காரைக்குடியிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் கல்யாணச் சீர்ப் பலகாரம் அனுப்பும் கம்பெனி அது. எந்த நாட்டுக்கு என்ன கஸ்டம்ஸ் தாள் வைக்க வேண்டும், எந்த எண்ணெயில் சுட்டது எவ்வளவு நாள் தாங்கும், எந்தக் கூரியர்க்காரன் பெட்டியைத் தூக்கி வீசுவான், எல்லாம் முஸ்கானுக்குத்தான் தெரியும். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மொத்த ஆபீசும் அவள் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. குளிக்கப் போனால் போன் அடிக்கும். பெருநாள் தொழுகை முடிந்து போனை எடுத்தால், ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஆளாளுக்குக் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள்.

இந்த வருடம் முருகப்பன் சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டி, புதுச் செயலி ஒன்றைக் கொண்டுவந்தார். குரூப்பில் எழுதியதை இழுத்துவிட்டால் அது டிவியில் தெரியும் போர்டில் மஞ்சள் சீட்டாகப் போய் ஒட்டிக்கொள்ளும். சீட்டுக்குச் சீட்டு அம்பு போட்டு இணைக்கலாம், படமும் பேச்சும் சேர்க்கலாம்.

“ஒருத்தர் மண்டையில இருக்கறது எல்லாருக்கும் தெரியணும். அம்புட்டையும் ஏத்துங்க” என்றார்.

முதல் வாரம் போர்டைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. எந்தச் சீட்டைத் தொட்டாலும் ஓர் அம்பு கிளம்பும். அம்பு போய் முட்டுகிற இடத்தில் ‘முஸ்கானைக் கேள்’ என்று இருக்கும்.

அப்புறம் அவள் விடாமல் ஏற்ற ஆரம்பித்தாள். மணகோலப் பலகாரத்தை நொறுங்காமல் அடுக்குவதைப் படம் எடுத்துப் போட்டாள். கஸ்டம்ஸில் பெட்டி மாட்டினால் யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதைக் குரலில் பேசிப் போட்டாள். பேக்கிங்கைக் கவனிக்கும் ரோகிணிக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“கிறுக்கு புடிச்சிருச்சாடி ஒனக்கு? எல்லாத்தையும் வழிச்சு ஊத்திட்டு வெறுஞ்சட்டியா நிக்கப்போறே.”

“சார் கேட்டாக. போடுறேன்.”

“கேட்டா? நான் ஒரு சீட்டு போட்டிருக்கேனா பாரு. அங்க சேலத்துல எம் புருசன் தனியாப் பொங்கித் திங்கிறாரு, போய்ச் சேர வழியில்ல. இருக்கிற வேலையவாவது காப்பாத்திக்கிறணும்ல.”

வழி இல்லாமல் போனதற்குக் காரணம் முருகப்பனின் இரும்புப் பீரோ. சேரும்போதே மூன்று வருட பாண்டில் கையெழுத்து வாங்கி, ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை அதற்குள் வைத்துப் பூட்டிவிடுவார். அவர் வேலையை விட்டு நிறுத்திய ஒருத்தன் வக்கீல் நோட்டீஸ் விட்டுச் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு போனான். தானாக வேலையை விட்ட அய்யப்பன் சர்டிபிகேட்டுக்காக இன்னும் அலைந்துகொண்டிருக்கிறான்.

இன்று காலை, கோலாலம்பூருக்குப் போகிற பெட்டி ஒன்றில் சந்தேகம் வந்தது. குரூப்பில் கேள்வி விழுந்த வேகத்தில் பதிலும் விழுந்தது. பதில் சொன்னது முஸ்கான் இல்லை. போன மாதம் பாதிச் சம்பளத்தில் சேர்ந்த கண்ணம்மை, போர்டைப் பார்த்துச் சொல்லியிருந்தாள்.

முருகப்பன் போர்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தள்ளிப் பார்த்தார். ‘முஸ்கானைக் கேள்’ ஓர் இடத்திலும் இல்லை. உடனே அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“அழுது என்னம்மா ஆகப்போகுது? இப்ப ஒனக்குன்னு இங்க என்ன வேலை இருக்கு, நீயே சொல்லு.”

“பாண்டு இருக்கே சார். மூணு வருசம்னு சொன்னீகளே.”

“அது நீ ஓடிராம இருக்கறதுக்கு. நான் அனுப்புறதுக்கு என்ன தடை?”

பீரோவைத் திறந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து மேசைமேல் போட்டார். வக்கீல் நோட்டீசை இன்னொரு தடவை பார்க்க அவருக்குத் தெம்பில்லை. முஸ்கான் விசும்பிக்கொண்டே கவரைப் பிரித்து, பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“என்னையக் குரூப்ல இருந்தும் எடுத்துருவீகளா சார்?”

“எடுத்தாச்சு, போ.”

அவள் கையிலிருந்த போன் அப்போதுதான் வாயை மூடியது.

ரோகிணி டேப்பும் கையுமாகத் தெருவரைக்கும் பின்னாலேயே ஓடிவந்தாள். அவளுக்கு மூக்கு சிவந்திருந்தது.

“தலப்பாடா அடிச்சுக்கிட்டேனேடி, கேட்டியா? ஒங்கையால நீயே குழி வெட்டிக்கிட்டியே. இனி எங்கிட்டுப் போயி நிப்ப?”

முஸ்கான் துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். துடைத்து முடித்தபோது அங்கே அழுகையைக் காணவில்லை.

“தேவகோட்டைக்குக்கா. ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல எனக்காக எடத்த வச்சுக்கிட்டுக் காத்திருக்காக. ஒரிஜினல் மட்டுந்தான் கேட்டாக.”

முஸ்கான் ரோகிணியின் காதருகே குனிந்தாள்.

“நீங்களும் போர்டுல ஏத்துங்கக்கா.”