இடம் பார்க்க வந்தவர்கள்

சௌந்திரம் கண்ணைக் காட்டினாள். அவள் கணவர் சின்னண்ணன் நிறுத்துவதாக இல்லை.

"அப்பெல்லாம் வெத்தலைக் கொடிக்காலுங்க. வேலூர்ச் சந்தைல எங்கூரு வெத்தலை வந்தாத்தான் ஏலமே ஆரம்பிப்பாங்க. அப்புறம் வாடல் நோய் வந்து எல்லாம் போச்சுங்க."

சேலத்திலிருந்து காரில் வந்திருந்த கணவனும் மனைவியும் காபி டம்ளரைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த மனுஷனை என்ன செய்வது? மகன் கோகுல்ராஜுக்கு முப்பத்தாறு நடக்கிறது. ரிக் வண்டியோடு போய் சத்தீஸ்கரில் போர் போட்டுக்கொண்டு கிடக்கிறான். பெண் வீட்டார் என்று யாராவது படியேறுவதே அபூர்வம். ஏறியவர்களிடம் பையனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் காணோம். ஊரின் தரித்திரத்தை ஆதியிலிருந்து அளந்துகொண்டிருக்கிறார்.

நேற்று மகன் போன் செய்தபோது எடுத்தவர் இவர்தான். பேசி முடித்துவிட்டு, "சேலத்துல இருந்து இடம் பாக்க வாராங்களாமா" என்று மட்டும் சொன்னார். அதற்கே அவளுக்குத் தூக்கம் போயிற்று. விடிந்ததும் வீட்டைக் கழுவி, பட்டுப்புடவை கட்டி, மகனின் போட்டோவைத் துடைத்து, வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டினாள்.

கொடிக்கால் போய்க் கரும்பு வந்த கதை ஆயிற்று. வெட்ட ஆள் கிடைக்காமல் கோழிப்பண்ணை வைத்த கதை ஆயிற்று. பண்ணை படுத்த கதையும் ஆயிற்று.

"ஏனுங்க, அவங்க காபி குடிக்கட்டும்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஆயிரம் அடி போர் ஓட்டியும் புழுதிதானுங்க வந்துச்சு" என்றார் அவர்.

ஊருக்கெல்லாம் போர் போடுகிறவன் வீட்டிலேயே தண்ணீர் இல்லை என்றால் எவன் பெண் கொடுப்பான்? அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பரவால்லீங்க. நாங்க குடோன்தான் கட்டப்போறோம், தண்ணி அவ்வளவா தேவப்படாது. உங்க பையன் விக்கறேன்னு சொன்ன இடத்த ஒருக்கா பாத்துரலாமுங்களா?"

சௌந்திரத்துக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.

புரிந்ததும் கணவரைப் பார்த்தாள். அவர் திடுக்கிடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொல்வதற்கு அவரிடம் இனி எதுவும் மிச்சமில்லை.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அந்தத் தோட்டத்துல பாம்பு சாஸ்திங்க" என்றாள். "பகல்லயே ஆரும் கால் வெக்கறதில்லீங்க."