எதிரே ஒரு நாற்காலி

அன்று அமாவாசை, பிள்ளையார்பாளையத்தில் தறிகளுக்கு விடுமுறை. தறிச் சத்தம் கேட்காத நாளில்தான் சத்யராஜுக்குப் பேச வரும் என்பது உளவியலாளர் ஷாரோனுக்குத் தெரியும். சிறு வயதில் தறி வேலைக்கு விடப்பட்டு, முதலாளியின் அடி தாங்காமல் ஓடிப்போனவர். இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். தூக்கம் மட்டும் வருவதில்லை.

ஷாரோன் அவர் எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டாள்.

"யார்கிட்டப் பேசணும்னு மனசு தவிக்குதோ, அவங்க இதுல உக்காந்திருக்கறதா நெனச்சுக்கோங்கண்ணா. பேசுங்க."

"காலி சேர்கிட்டயா? ஸ்டாண்டுல தெரிஞ்சா என்னை வச்சு ஓட்டுவாங்கம்மா."

சிரித்தவர், எழுந்து போய் அந்த நாற்காலியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

ஷாரோனுக்கு மனசு கனத்தது. "முதலாளி முன்னாடி இன்னும் எதுக்குண்ணா கீழ உக்கார்றீங்க? எழுந்திருங்க."

"அந்தாளு யாருக்கு வேணும்? இது என் தம்பிம்மா. சின்னப் பையன்கிட்ட நின்னுக்கினா பேசறது?"

"தம்பியா?"

"நான் ஓடினதும் என் எடத்துல இவனைத்தான் உக்கார வச்சாங்க. அங்கியே ஜுரம் வந்து செத்துட்டான்."

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜோசுவா, அண்ணன் வந்து கூட்டிக்கினு போவான்னு பாத்துக்கினே இருந்தியாடா?"