பதினொரு பேருக்கு ஒரு ஜெபம்

"மச்சான், இண்டைக்கு ஒரு நாளைக்கு ஜெபத்தைச் சுருக்கும். உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன்" என்றார் சீவரத்தினம்.

இளையதம்பி உபதேசியார் சிரித்தார். "ஆவியானவர் ஏவுற அளவுக்குத்தான் ஐசே நான் ஜெபிக்கிறது."

"ஆவியானவரிட்டையும் நான் கதைச்சிட்டன். ஒரு நிமிசம். அவ்வளவுதான்."

சீவரத்தினத்தின் பயம் நியாயமானதுதான். உபதேசியார் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கத் தொடங்கினால் சுடுசோறு பழஞ்சோறாகிவிடும் என்று மானிப்பாய்ச் சபை முழுக்கப் பேச்சு. மனைவியின் தமையனாயிற்றே, வாயை மூடும் என்று சொல்லவும் முடியாது.

இன்றைக்கோ மகள் பத்மாசினியைப் பெண் பார்க்கக் கோப்பாயிலிருந்து எலியாஸ் மாஸ்டர் குடும்பம் வருகிறது. ஏற்கெனவே இரண்டு பேச்சு குழம்பிப்போனது. இதுவும் குழம்பினால் பிள்ளை தாங்கமாட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு வான் வந்து நின்றது. ஐந்து பேர் வருவதாகத்தான் கடிதம் எழுதியிருந்தார்கள். இறங்கியது பதினொரு பேர்.

"பெரியம்மா ஆக்களும் பொம்பிளையைப் பாக்க ஆசைப்பட்டினம்" என்று நெளிந்தார் எலியாஸ் மாஸ்டர்.

"அதுக்கென்ன, வாங்கோ வாங்கோ!"

அடுப்பில் என்ன இருக்கிறது, எத்தனை பேருக்குக் காணும் என்ற கவலையெல்லாம் சீவரத்தினத்துக்கு என்றைக்கும் இருந்ததில்லை. அதை ஆண்டவரும் மனைவி இராசமலரும் பார்த்துக்கொள்வார்கள். கூப்பனுக்கு அரிசி அளந்து தருகிற இந்தத் தட்டுப்பாட்டு எழுபத்துநாலாம் ஆண்டிலும் அப்படித்தான்.

இராசமலர் தமையனைக் குசினி வாசலுக்குக் கூப்பிட்டு ஏதோ குசுகுசுத்தாள். உபதேசியார் தலையாட்டினார். அவளும் சுருக்கச் சொல்லித்தான் கெஞ்சுகிறாள் என்று சீவரத்தினத்துக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

தட்டுகள் வைத்தாயிற்று. எல்லாரும் மேசையைச் சுற்றி எழுந்து நின்று கண்களை மூடினார்கள்.

"அன்பின் பரமபிதாவே..."

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. உணவுக்கு நன்றி. வந்தவர்களுக்கு நன்றி. சீவரத்தினம் ஆமென் சொல்ல வாயெடுத்தார்.

"...இவர்களை ஏற்றிவந்த வான் சாரதியையும் நினைத்தருளும். அந்த வாகனத்தின் நாலு சில்லுகளையும் காத்தருளும்..."

போச்சு!

சில்லிலிருந்து ஜெபம் ஆஸ்பத்திரிக்குப் போனது. வார்ட்டு வார்ட்டாக ஏறி இறங்கியது. பிறகு மிளகாய்க் கன்றுகளுக்கு மழை கேட்டது. கேட்ட மழை கூடிப்போய்க் கன்று அழுகாமல் இருக்கவும் கேட்டது.

யாரோ செருமினார்கள். யாரோ கால் மாற்றி நின்றார்கள். வளவின் பின்பக்கம், அயல்வீட்டுக் கனகாம்பிகையின் வேலிக் கிடுகு சரசரத்தது, நாயாக்கும். சீவரத்தினத்துக்கு வியர்த்து வடிந்தது. கண்ணைத் திறந்து மச்சானை ஒரு முறை முறைக்கலாம்தான். ஆனால் ஜெபத்தில் கண் திறப்பது அவருடைய ஐம்பத்தைந்து வருட வாழ்க்கையில் இல்லாத பழக்கம். 'ஆண்டவரே, இந்த மனுசனை நிப்பாட்டும்' என்று ஜெபத்துக்குள்ளேயே தனியாக ஒரு ஜெபம் போட்டுக்கொண்டார்.

ஒருவழியாக ஆமென் வந்தது.

சோறும் வந்தது, குறைவில்லாமல். கோழிக்கறி ஆளுக்கு ஒரு துண்டுதான். ஆனால் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வாழைக்காய்ப் பொரியலும் போதும் போதும் என்னுமளவுக்கு வந்தன. வந்தவர்கள் ருசித்துச் சாப்பிட்டார்கள். சம்மதம் என்று மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வானில் ஏறப்போன எலியாஸ் மாஸ்டரைச் சீவரத்தினம் படலையடியில் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், மனசிலை ஒண்டும் வைச்சிருக்காதேங்கோ. என்ரை மச்சானுக்கு ஜெபமெண்டால் நேரம் காலம் தெரியாது. உங்களை நல்லாக் காயப்போட்டிட்டார்."

"ஆர் சொன்னது? நேரம் பாத்துத்தானே நிப்பாட்டினவர்! பக்கத்து வீட்டு அம்மா வேலி ஓட்டைக்குள்ளாலை கடைசிச் சட்டியை நீட்டினாப் பிறகுதான் ஆமென் வந்தது."

சீவரத்தினம் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கனகாம்பிகை! புரட்டாதிச் சனி விரதத்துக்கென்று தன் வீட்டுக்குச் சமைத்ததை அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"நீங்கள்... கண்டனீங்களோ?"

"பின்கதவு ஆவெண்டு திறந்தெல்லே கிடந்தது! நாங்கள் பதினொரு பேரும் கண்டம். அந்த அம்மா நிமிரேக்கையெல்லாம் கண்ணை மூடிப்போட்டம், பாவம், எங்களைக் கண்டு கூச்சப்படக் கூடாதெண்டு. அயலுக்கை இப்பிடி அள்ளிக் குடுக்கிற சனம் இருக்கிற வீட்டைப் பற்றி வேறை என்ன விசாரிக்கக் கிடக்கு?"

வானில் ஏறியவர் தலையை வெளியே நீட்டிச் சிரித்தார்.

"அவ்வளவு நேரமும் ஒண்டையும் காணாமல் நிண்டது நீங்கள் ஒராள்தான், சம்பந்தி!"