தமிழ் மட்டும் தெரிந்த நாய்

தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாய்களைக் காப்பாற்றி வீடு தேடிக் கொடுப்பவள் ஸ்ரீதேவி. வீடு கிடைக்கும்வரை அவற்றை வைத்துப் பார்த்துக்கொள்பவர் சித்தூர் சந்திரம்மா. அன்று திருப்பதியில் ஒரு வீட்டுக்குக் கொடுத்திருந்த சிட்டு என்ற நாயைத் திரும்பக் கொண்டுவந்து அவர் வாசலில் இறக்கினாள் ஸ்ரீதேவி.

"இந்த வீட்லயும் வேணாம்னுட்டாங்க ஆன்ட்டி. தெலுங்குல 'கூர்ச்சோ'ன்னா முழிக்குது. 'உக்காரு'ன்னாதான் உக்காருது. நீங்க தமிழ்லயே பழக்கிட்டீங்க."

"தெரிஞ்ச பாஷைலதானேம்மா பேச முடியும்?"

"வீட்ல தெலுங்கு பேசறவங்க யாருமே இல்லையா?"

"பேசறவங்களே யாரும் இல்ல. டெக்சாஸ் போன பையன் போனவன்தான்."

ஸ்ரீதேவி தயங்கினாள். "இனிமே இதைத் தெலுங்குக்காரங்க வீட்ல வெச்சுப் பழக்கலாம்னு எங்க குரூப்ல சொல்றாங்க."

சந்திரம்மா சிட்டுவின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு மாசம் டைம் குடும்மா. நானே தெலுங்கு கத்துக்கினு பழக்கறேன்."

ஸ்ரீதேவிக்கு அதற்குமேல் வற்புறுத்த மனம் வரவில்லை. சரியென்று வண்டியைக் கிளப்பிப் போனாள்.

கேட்டைச் சாத்தப்போன சந்திரம்மாவைப் பார்த்து, தெருவில் போன ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திக் கும்பிட்டு நலம் விசாரித்தார்.

"நமஸ்காரம் டீச்சர். பாகுன்னாரா?"

கவர்மென்ட் ஸ்கூலில் சந்திரம்மா முப்பது வருஷம் தெலுங்கு சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் ஒருவர். அவரையும் அவர் வீட்டாரையும் பற்றிச் சுத்தமான தெலுங்கில் விசாரித்து அனுப்பிவைத்தார் சந்திரம்மா.

பிறகு கேட்டைச் சாத்திவிட்டு, சிட்டுவின் காதருகே குனிந்தார்.

"உள்ள வா, சோறு துன்னலாம்" என்றார், தமிழில்.