கெளுத்திப் பங்காளிகள்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, காலை நீட்டி உட்காருங்கள். மீசையால் உடைந்த ஒரு குடும்பத்தின் கதை சொல்கிறேன். மீசை மனுஷனுடையது இல்லை, மீனுடையது.

“பெரியப்பா இல்லாம பொண்ணுக்குக் கல்யாணமா? ‘நீ சொன்னதுதான் சரி அண்ணா’ன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு தேய்ஞ்சா போயிடும்?” என்றாள் தம்பியின் மனைவி.

அதைச் சொல்வதைவிட நாக்கே போனாலும் பரவாயில்லை என்றிருந்தது தம்பிக்கு. அண்ணன், தம்பி இருவரும் மீன் ஆராய்ச்சியாளர்கள். ஆற்றில் இரண்டு வகைக் கெளுத்தி. ஒன்றுக்கு வால்வரை மீசை. மற்றதற்குச் செவுளோடு சரி. இரண்டும் ஒரே பேரினம் என்றார் அண்ணன். வேறு வேறு என்றார் தம்பி. கெளுத்திகள் கருத்துச் சொல்லாமல் சேர்ந்தே நீந்தின. ஒரே வயிற்றில் பிறந்த இந்த மேதைகள்தான் பேச்சை முறித்துக்கொண்டார்கள்.

பெரியப்பா வராவிட்டால் மேடை ஏற மாட்டேன் என்று மகள் வேறு முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு, மனைவியையும் கூட்டிக்கொண்டு தம்பி போய் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

அண்ணன் முந்திக்கொண்டார். “வாடா. யோசிச்சுப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. ரெண்டும் வேறதான்.”

“இல்லண்ணா, நான் சொன்னது தப்பு. ரெண்டும் ஒண்ணுதான்.”

“நீ சொன்னது சரின்னு நானே சொல்றேனே, அப்புறம் என்ன?”

“நான் சொன்னது தப்புன்னு எனக்குத் தெரியாதா? அதைச் சரின்னு சொல்ல நீ யாரு?”

“மண்டு! அந்த மண்டை ஓட்டைப் பாருடா!”

“முதல்ல நீ முதுகு முள்ளைப் பாரு!”

“நாளைக்குக் கல்யாணத்துக்கு வர்றேன்டா, மீன் ஜாடியோட! சம்பந்தி முன்னாலயே நிரூபிக்கலேன்னா நான் உன் அண்ணன் இல்ல!”

“வா! முதல் வரிசையில நாற்காலி போட்டு வைக்கிறேன்!”

கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, தண்ணீர் குடிக்கப் போன தம்பி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

“நீங்க சொன்னபடியே இவரை ஒத்துக்க வெச்சுட்டேன் அக்கா” என்றது மனைவியின் குரல்.

“நானும் அவரை ஒத்துக்க வெச்சேன்ல!” என்று சிரித்தாள் அண்ணி. “உன் வீட்டுக்காரர் மட்டும் இறங்கி வந்திருந்தா, ஜெயிச்ச கர்வத்துல இவரு வீட்டுலயே உட்கார்ந்திருப்பாரு. சண்டைன்னாதான் நம்ம ஆளுங்க விடியறதுக்கு முன்னாடி மண்டபத்துல நிப்பாங்க!”

உங்கள் வீட்டு விசேஷத்துக்கும், சண்டை போடவாவது, சொந்தம் ஒன்று விடாமல் வந்து நிறையட்டும். நன்றாக இருங்கள் கண்ணுகளா!